கச்சேரிப் பியானோவை எத்தனை நாளுக்கு ஒரு முறை ட்யூன் செய்ய வேண்டும்?

டீச்சர், நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒரு முறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏற்காட்டில் உங்கள் பள்ளி அரங்கில் ஒரு கிராண்ட் பியானோ இருக்கிறது. வருடா வருடம் ஏப்ரல் கடைசியில், விடுமுறை விட்டதும், ஒருவரை வரவழைத்து ட்யூன் செய்கிறீர்கள். வருகிற டிசம்பரில் வெளியூரிலிருந்து ஒரு கலைஞர் வந்து தனியாக ஒன்றரை மணி நேரம் வாசிக்கப் போகிறார். கச்சேரி அன்று ட்யூனிங் வேண்டும், இடைவேளையில் இன்னொரு முறை சரிபார்க்கவும் வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். நிர்வாகத்திலோ, "ஏப்ரலில்தானே செய்தோம், எட்டு மாதத்தில் என்ன ஆகிவிடும்?" என்கிறார்கள்.

கலைஞர் கேட்டது நியாயம். கச்சேரிக்கு வாசிக்கிற பியானோவை ஒவ்வொரு கச்சேரிக்கும் ட்யூன் செய்வதுதான் வழக்கம். பெரிய அரங்குகளில் காலையில் ஒத்திகைக்கு முன் ஒரு தடவை, ஒத்திகை முடிந்து மாலையில் ஒரு தடவை, இடைவேளையில் பத்து பதினைந்து நிமிடம் என்று ட்யூனர் வேலை பார்ப்பார். மறுநாள் இன்னொருவர் வாசித்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒலிப்பதிவு என்றால் நாள் முழுக்க ஸ்டூடியோவிலேயே இருப்பார். ஆனால் உங்கள் பியானோவுக்கு இது மட்டும் போதாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. எட்டு மாதம் யாரும் தொடாத பியானோவைக் கச்சேரி அன்று காலையில் மட்டும் ட்யூன் செய்தால், அது ராத்திரி வரை நிற்காது. நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல உங்களுக்குக் காரணங்கள் வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பியானோவில் கட்டைகள் 88தான், ஆனால் கம்பிகள் சுமார் 230. கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு ஒரு கம்பி, கொஞ்சம் மேலே வந்தால் இரண்டு, அதற்கு மேல் எல்லாம் மூன்று மூன்று. ஒவ்வொரு கம்பியும் எழுபது எண்பது கிலோ அளவுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 18 முதல் 20 டன் வரும். அந்தச் சுமையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. இரும்பு அவ்வளவாக அசையாது. அசைவது மரம்.

கம்பிகளுக்கு அடியில் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த ஒலிப்பலகை இருக்கிறது. பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிக லேசாக மேலே வளைந்திருக்கும். அதன் முதுகில் ஒட்டிய பாலத்தின் மேல்தான் கம்பிகள் போகின்றன, வீணையின் குதிரை மாதிரி. காற்றில் ஈரம் ஏறினால் பலகை ஊதும், வளைவு கூடும், பாலம் கம்பியை மேலே தள்ளும், சுருதி ஏறும். காற்று காய்ந்தால் எல்லாம் தலைகீழாக நடந்து சுருதி இறங்கும். இது 230 கம்பிகளுக்கும் ஒரே அளவாக நடந்தால் பரவாயில்லை. நடு ஸ்தாயி அதிகம் ஏறும், அடி ஸ்தாயியும் உச்சியும் அவ்வளவு ஏறாது. அதனால் மழைக்காலத்தில் பியானோ சுருதி ஏறிப்போவதோடு, தனக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒட்டாமலும் போகிறது. வாசிக்காமல் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும். "யாருமே வாசிக்கவில்லையே, எப்படிக் கெடும்?" என்று கேட்காத வீடே இல்லை.

இப்போது உங்கள் மலையைப் பாருங்கள். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். கீழே மார்ச், ஏப்ரலில் மரக்கதவே வெடிக்கிற அளவுக்கு வறட்சி. மேலே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மே மாதக் கோடை மழையையும் சேர்த்தால், வருடத்தில் பாதிக்கு மேல் உங்கள் பியானோ ஈரத்தில்தான் நிற்கிறது. நீங்கள் ட்யூன் செய்கிற ஏப்ரல் கடைசியில் பலகை நன்றாகக் காய்ந்து, வளைவு குறைந்து இருக்கும். ட்யூனர் அந்த நிலைக்குச் சரியாக வைத்துவிட்டுப் போகிறார். இரண்டு மூன்று வாரத்தில் கோடை மழை பிடித்துக்கொள்கிறது. ஜூன் பிறந்து பள்ளி திறக்கும்போது அந்த ட்யூனிங் போய்விட்டிருக்கும். ட்யூனர் மேல் தப்பில்லை, மாதம்தான் தப்பு. விடுமுறையில் அரங்கு காலியாக இருக்கும் என்பதற்காக அந்த மாதத்தை வைத்திருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனால் வருடத்துக்கு ஒரே முறைதான் முடியும் என்றாலும் ஏப்ரல் வேண்டாம்.

ஈரத்தை மரம் குடிப்பதற்குச் சில நாள் ஆகும். ஆனால் குளிர் அப்படி இல்லை, கம்பியை நிமிடங்களில் பிடித்துவிடும். சில வருடங்களுக்கு முன் மேலே ஓர் அரங்கில், நவம்பர் மாதம், பாட்டும் பியானோவுமாக ஒரு நிகழ்ச்சி. மதியம் இரண்டு மணிக்கு ட்யூன் செய்ய உட்கார்ந்து நாலு மணிக்கு முடித்தேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, மேடை விளக்கு எரியவிட்டுச் செய்த வேலை. டீ குடிக்க வெளியே போய் வருவதற்குள், பெயின்ட் வாசம் போகட்டும் என்று யாரோ எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டிருந்தார்கள். பனிமூட்டம் மேடை வரைக்கும் வந்திருந்தது. பியானோவின் மேல்மூடியைக் கையால் தடவினால் விரல் தடம் விழுந்தது. ஆறரைக்கு நிகழ்ச்சி. குளிர்ந்த கம்பி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். மெல்லிய மேல் கம்பிகள் உடனே ஏறிவிட்டன. செம்பு சுற்றிய கனமான அடிக் கம்பிகள் அந்த அளவுக்கு அசையவில்லை. இரண்டாவது பாட்டில், பாடிய பெண் ஒரு கணம் பியானோவைத் திரும்பிப் பார்த்தார். சபையில் எத்தனை பேர் கவனித்தார்களோ, எனக்கு அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. இடைவேளையில் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, முடிந்த அளவு சரிசெய்தேன்.

மேடை விளக்கு இதற்கு நேர் எதிர். கம்பி சூடாகித் தளரும், சுருதி இறங்கும். அதனால்தான் கச்சேரியில் எரியப்போகிற விளக்கையெல்லாம் எரியவிட்டு, அதே கதவடைப்பில், அதே காற்றில் ட்யூன் செய்ய வேண்டும் என்கிறோம். கீழே சேலத்தில் ஏசி மண்டபம் என்றால் ஏசியைக் காலையிலேயே போட்டுவிடச் சொல்வேன். ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து மணிக்கு ஏசி போட்டால், நாங்கள் செய்து வைத்தது வேறு ஒரு அறைக்கான ட்யூனிங் ஆகிவிடும்.

சரி, ட்யூனிங் என்றால் உட்கார்ந்து என்ன செய்கிறோம்? ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், நடு ஸ்தாயியில் உள்ள 'ஏ' (A) என்ற ஸ்வரம். அதற்கு மூன்று கம்பி. ரப்பர் ஆப்பும் கம்பளிப் பட்டையும் சொருகி இரண்டின் வாயை அடைத்துவிட்டு, நடுக் கம்பியை மட்டும் இசைக்கவையோடு, அதாவது 440 ஹெர்ட்ஸோடு சேர்க்கிறோம். பிறகு ஓர் ஆப்பை உருவி இடது கம்பியையும் பேச விடுகிறோம். அது 442-ல் இருந்தால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் எழுந்து எழுந்து அடங்கும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் விம்மல் என்று சொல்வார்களே, அதுதான். கம்பியின் முனை சுற்றியிருக்கும் இரும்புப் பின்னில் லீவரை மாட்டித் தள்ளினால், பின் திரும்புவது கண்ணுக்கே தெரியாது, காதுக்குத்தான் தெரியும். விம்மல் நொடிக்கு ஒன்றாகும், மூன்று நொடிக்கு ஒன்றாகும், அப்புறம் நீளமாக இழுத்துக்கொண்டே போய் இல்லாமல் ஆகும். தம்புராவில் சாரணையும் அனுசாரணையும் ஒன்றோடொன்று கலக்கிற இடத்தைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு கம்பி ஒரே குரலாகிவிடும், சத்தம் பெருகாமலேயே நிறையும்.

அதோடு முடியவில்லை. அந்தக் கட்டையை மூன்று நாலு முறை ஓங்கி அடிக்க வேண்டும். அடித்ததும் விம்மல் திரும்ப வந்தால் பின் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். இரும்புப் பின் மரத்துக்குள் இறுக்கமாகச் செருகியிருப்பதால், மேல் முனையைத் திருப்பும்போது அது முதலில் முறுக்கிக்கொள்ளும், அடி முனை அங்கேயே இருக்கும். கம்பியும் நேராக ஓடுவதில்லை, பல இடத்தில் வளைந்து உரசிக்கொண்டு போகிறது. வாசிக்கிற பகுதியில் ஓர் இழுவை, அதற்கு அப்பால் வேறு இழுவை என்று இருந்தால், பலமாக வாசித்ததும் இரண்டும் சமமாகிச் சுருதி நழுவும். அதனால் ஒரு மயிரிழை மேலே கொண்டுபோய், அங்கிருந்து இறக்கி உட்கார வைக்கிறோம். இந்தப் பழக்கம் கைக்கு வரவே வருடக்கணக்கில் ஆகும். போனில் ஆப் வைத்து முள்ளைப் பார்த்துச் சேர்ப்பவர்கள் இப்போது உண்டு. ஆப் தப்பில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பின் உட்கார்ந்ததா என்று ஆப் சொல்லாது. ஓங்கி அடித்துவிட்டுக் காதால்தான் கேட்க வேண்டும்.

கச்சேரியில் முதலில் கெடுவதும் இந்த மூன்று கம்பி ஒற்றுமைதான். கலைஞர் முதல் பாதியில் பலமான இடங்களை வாசித்திருப்பார், எங்கோ ஒரு கம்பி லேசாக நழுவியிருக்கும். இடைவேளையில் போய் அப்படி நழுவிய நாலைந்தைச் சரிசெய்கிறோம், அவ்வளவுதான். நம் கச்சேரிகளில் வீணை வித்வான் பிருடையைத் திருகிக்கொள்வார், மிருதங்கக்காரர் பாட்டுக்கு நடுவே கல்லை எடுத்துத் தட்டிக்கொள்வார். பியானோ வாசிப்பவருக்கு அந்த வழி கிடையாது. கையில் கிடைத்த சுருதியோடு கடைசி வரை போக வேண்டும். அவர் இடைவேளைச் சரிபார்ப்பைக் கேட்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது, எட்டு மாதம் விட்டதை ஏன் ஒரே நாளில் ஈடுகட்ட முடியாது என்பது. அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் சென்ட். ஒரு பியானோ முழுக்க 20 சென்ட் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். காதுக்குப் பெரிதாகத் தெரியாத இறக்கம். அதை மேலே தூக்க ஒவ்வொரு கம்பியின் இழுவையையும் இரண்டு சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டும். 18 டன்னில் அது 400 கிலோவைத் தாண்டும். அவ்வளவு புதுச் சுமை ஏறினால் ஒலிப்பலகை அமுங்கும். நடுப்பகுதியைச் சரியாக வைத்துவிட்டு மேல் ஸ்தாயிக்குப் போய் வருவதற்குள், நடுவில் வைத்தது இறங்கியிருக்கும். அதனால் முதல் சுற்று வேகமாகத் தூக்குவதற்கு, இரண்டாவது சுற்று நுணுக்கமாகச் சேர்ப்பதற்கு. அதற்குப் பிறகும் சில நாள், சில வாரம் அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஏறியிருக்கிற பியானோவை இறக்கினாலும் இதே கதைதான். உங்கள் பியானோ டிசம்பரில் ஏறித்தான் இருக்கும். மாதாமாதம் கவனிக்கப்படுகிற பியானோவில் ட்யூனருக்கு ஒன்றிரண்டு சென்ட் வேலைதான் இருக்கும், அதனால் அது நிற்கிறது. நிலையாக நிற்பது ஒரு நாள் வேலையால் வருவதில்லை. முன்னால் செய்த ட்யூனிங்குகளின் மேல்தான் அது ஏறி உட்கார்கிறது.

இதைக் கற்க நான் ஒரு விலை கொடுத்தேன். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது, தோட்டங்கள் வந்தன, பங்களாக்கள் வந்தன, சில பங்களாக்களுக்குப் பியானோவும் வந்தது. நாகலூர்ப் பக்கம் அப்படி ஒரு வீட்டில் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கிற வகை) பியானோ, முக்கால் பங்கு அரை ஸ்வரம் இறங்கிக் கிடந்தது. தொழிலுக்குப் புதிது, அவசரம். ஒரே மூச்சில் 440-க்கு இழுத்தேன். அடி ஸ்தாயியில் துருப்பிடித்த ஒரு கம்பி துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்தது. அது தன் அம்மா வாசித்த பியானோ என்று அந்த வீட்டு அம்மா சொன்னார், கோபப்படக்கூட இல்லை. செம்பு சுற்றிய கம்பியை அளவு கொடுத்துச் செய்து வாங்கிப் போட மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து பழைய பியானோ என்றால் ஒரு வருகையில் கொஞ்சம்தான் தூக்குவேன், வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

சுருதி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 440 என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. ஐரோப்பாவில் பல இசைக்குழுக்கள் 442, 443 என்று வைத்துக்கொள்கின்றன. உங்கள் பியானோ மழையில் ஏறி 441-ல் நிற்கிறது என்றால், தனிக் கச்சேரிக்கு அதை 441-லேயே சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. வித்தியாசம் நாலு சென்ட்தான், கேட்பவர் யாருக்கும் தெரியாது. 440-க்கு இழுத்து இறக்கி நிலைகுலைய வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கூடவே கீபோர்டு மாதிரி சுருதி மாறாத கருவி வாசித்தால் இந்தச் சலுகை கிடையாது, 440-தான் வேண்டும். அப்போது முன்கூட்டியே வேலையைத் தொடங்க வேண்டும்.

வீடு, சர்ச், பயிற்சி அறை இவற்றுக்கெல்லாம் கணக்கு வேறு. வீட்டுக்கு வருடத்தில் இரண்டு முறை போதும். புதிய பியானோ என்றால் முதல் வருடம் நாலு முறை, கம்பி இன்னும் நீண்டுகொண்டிருக்கும். பயிற்சி அறைப் பியானோவுக்கு மூன்று நாலு முறை. சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முன்னால் கூப்பிடுகிறார்கள், அது நல்ல பழக்கம்.

இப்போது ஆகஸ்ட். உங்கள் டிசம்பருக்கு நான் சொல்வது இது. இந்த மாதக் கடைசியில் ஒரு முறை, சுருதி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சரிக்கட்ட. வடகிழக்கு மழை இறங்கிய பிறகு, அக்டோபர் பாதிக்கு மேல் ஒரு முறை. கச்சேரிக்குப் பத்து நாள் முன்பு ஒரு முறை. கச்சேரி அன்று மதியமும் இடைவேளையும் கடைசி. அடுத்த வருடத்திலிருந்து பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்ட் செப்டம்பரில் ஒன்று, அப்புறம் ஒவ்வொரு கச்சேரிக்கும் தனியாக. ட்யூனர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருவதானால் ட்யூனிங் கூலியைவிடப் போக்குவரத்தும் தங்கலும்தான் அதிகம் பிடிக்கும். மலையில் இன்னும் இரண்டு பள்ளிகள், ஒரு சர்ச் என்று சேர்ந்து ஒரே பயணமாக வரவழைத்தால் அந்தச் செலவு பங்காகிவிடும்.

பியானோ இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம், வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம். ஒரு ஈரப்பதமானி வாங்கி அருகில் சுவரில் மாட்டுங்கள், பெரிய விலை இல்லை. 40 முதல் 50 சதவீதம் நல்லது என்பார்கள். ஏற்காட்டு மழைக்காலத்தில் அந்த அளவை எட்டுவது கடினம், அதனால் முடிந்தவரை ஒரே அளவில் வைத்திருக்கப் பாருங்கள். பழைய வீடுகளில் அப்ரைட் பியானோவின் அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். கிராண்டுக்குப் பலகையின் அடியில் பொருத்தும் சூட்டுக் குழாய் கிடைக்கிறது, அதுவே பாதுகாப்பு. காலையிலும் மாலையிலும் ஈரப்பதமானி காட்டும் எண்ணை ஒரு நோட்டில் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். ட்யூனர் வந்ததும் முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள்.

கச்சேரி அன்று எங்களுக்கு வேண்டியது இரண்டு மணி நேரம் முழு அமைதி. இதை நான் கெஞ்சியே கேட்பேன். நாற்காலி இழுக்கிற சத்தம், பெருக்குகிற சத்தம், மைக்கில் "ஹலோ, செக்" என்பது, இதில் எது கேட்டாலும் அந்த மெல்லிய விம்மல் காதுக்கு எட்டாது. மைக் செட்காரரை மதியம் ஒரு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ட்யூனருக்கு ஒன்றரை முதல் மூன்றரை வரை கொடுங்கள். அதற்குப் பிறகு ஜன்னலை யாரும் தொடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். இடைவேளையில் விளக்கை அணைக்க வேண்டாம், ஸ்பீக்கரில் பாட்டும் போட வேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடமும் மேடை ட்யூனருக்கு.